பிள்ளைக்கு எட்டாத புத்தகம்

மலையகத்தில் எழுத்தும் வாசிப்பும் – தொடர் 12

தோட்டத்துத் தமிழைப் பொருளாகக் கொண்டு அச்சேறிய பழைய நூல்களைத் தேடப் புறப்பட்டால், முதலில் கைக்கு அகப்படுபவை துரைமாருக்காக எழுதப்பட்டவைதான். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஏ. எம். பெர்குசன் எழுதிக் கொழும்பில் வெளியான ‘இங்கே வா’ என்ற கைநூல், சீமையிலிருந்து புதிதாக வந்திறங்கிய சின்னத்துரையின் சட்டைப்பைக்கென்றே செய்யப்பட்டது. பெயரே ஓர் ஏவல். 1915இல் டபிள்யூ. ஜி. பி. வெல்ஸ் என்பவரின் ‘கூலித் தமிழ்’ வந்தது. தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் தொழில் பழகும் வெள்ளையருக்காக ஒழுங்குபடுத்தப்பட்ட நூல் அது. இவை கதையோ பாட்டோ அல்ல. ஒரு வேலையையும் அதைச் செய்யும் மக்களின் பேச்சையும் அறிந்துகொள்ள விரும்பியவனுக்கு, வேண்டிய அறிவை வேண்டிய அளவில் கொடுத்த தகவல் நூல்கள். தோட்டத்தை ஆளப்போகிறவனுக்கு அந்தத் தோட்டத்தைப் பற்றிய புத்தகம் தேவை என்பதை அன்றைய இலங்கை நன்றாக உணர்ந்திருந்தது. அந்தச் சொற்களுக்குள்ளேயே பிறந்து வளரும் பிள்ளைக்கும் அப்படியொரு புத்தகம் தேவை என்பது யாருக்கும் தோன்றவில்லை. இத்தொடரில் இதுவரை பாட்டையும் பத்திரிகையையும் தொழிற்சங்கத் துண்டுப்பிரசுரத்தையும் பார்த்து வந்தோம். இந்த இதழில் பேசப்போவது ஓர் இல்லாமையைப் பற்றி. வரலாற்றையும் விஞ்ஞானத்தையும் தினமும் உண்ணும் உணவையும் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்லும் நூல் மலையகத்துக்கு ஏன் வந்து சேரவில்லை என்பதே கேள்வி. வறுமை அதற்கு ஒரு காரணம்தான். ஆனால் எது அறிவு, அது யாருக்கு உரியது என்பதில் சட்டமும் தோட்டமும் எடுத்த முடிவே முதற்காரணம் என்பது என் வாதம்.

தமிழில் அப்படியான நூல் எழுத ஆளில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய ஆறுமுக நாவலர், அடுத்த சில ஆண்டுகளிலேயே பாலபாடங்களை அச்சிட ஆரம்பித்துவிட்டார். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே வைத்தியம் கற்பித்தார். அதற்கென நூல்களைத் தமிழாக்கினார்; இரசாயனத்தைச் சொல்லும் ‘கெமிஸ்தம்’ 1875இல் வந்தது. அதே ஆண்டுகளில்தான் இராமநாதபுரக் கரையிலிருந்து தோணி ஏறி மன்னாரில் இறங்கி, மாத்தளை வரை காட்டுவழியே கோப்பித் தோட்டங்களுக்கு ஆட்கள் நடந்துகொண்டிருந்தார்கள். ஒரே தீவு, ஒரே மொழி, ஒரே காலம். வடக்கே தமிழில் இரசாயனம் எழுதப்பட்டுக்கொண்டிருந்தபோது, மன்னார்–மாத்தளைப் பாதையில் போன தமிழுக்கு எண்ணப்படும் தலைக்கணக்கு மட்டுமே எழுத்தாக இருந்தது. வடக்கின் அந்த முயற்சிகளுக்கும் சாதி, சமய எல்லைகள் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் பிள்ளைகளுக்கும் மாணவர்களுக்கும் உலகை விளக்கும் உரைநடை தமிழில் இயலும் என்பதை அவை 1850களிலேயே நிறுவிவிட்டன.

பிறகு சட்டம் வந்தது. 1904இல் அமைக்கப்பட்ட வேஸ் ஆணைக்குழுவின் வழியில் 1907ஆம் ஆண்டுக் கிராமப் பாடசாலைச் சட்டம் தோட்டங்களையும் தொட்டது. ஆறு வயது முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கல்வி கொடுக்கும் கடமை துரையின் மேல் விழுந்தது. 1920ஆம் ஆண்டுச் சட்டம் அதை இறுக்கியது. அந்த வயதுப் பிள்ளைகளைக் காலை பத்து மணிக்கு முன் வேலைக்கு அனுப்பக் கூடாது என்றது. இந்த ஒரு விதியை நின்று வாசித்தால் அதன் மனம் புரியும். பத்து மணி வரை பள்ளிக்கூடம், பத்து மணிக்குப் பிறகு மலை. வாசிப்பு, எழுத்து, கணக்கு; அதற்கு மேல் நேரமும் இல்லை, நோக்கமும் இல்லை. பெரும்பாலும் ஒரே ஆசிரியர், ஒரே கொட்டகை, ஐந்தாம் வகுப்போடு முற்றுப்புள்ளி. இதையும் குறைத்து மதிப்பிடக் கூடாது, எழுத்தறிவு என்ற முதல் படியாவது இந்தப் பள்ளிகளால்தான் கிடைத்தது என்று வாதிடுவோர் உண்டு. உண்மைதான். அந்தக் கொட்டகைகளில் எழுத்துக் கற்றவர்களே பின்னாளில் தேசபக்தன் பத்திரிகையை லயத்து வாசலில் உரக்க வாசித்தார்கள். நான் சொல்வது வேறு. எழுத்தைக் கொடுத்துவிட்டு, அந்த எழுத்தால் வாசிக்க எதையும் கொடுக்காமல் விடுவது ஒரு கொள்கை. கணக்குப்பிள்ளை எழுதும் பெயரையும் பிடித்த காசையும் சரிபார்க்கும் அளவுக்கு வாசிப்பு போதும் என்ற கொள்கை. 1945இல் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் அதன் வாசலுக்கு வெளியேதான் நின்றன. அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1977இல்தான்.

இதன் முழு விபரீதத்தையும் ஒரே இடத்தில் காண வேண்டுமென்றால் தலவாக்கலைக்குத்தான் வர வேண்டும். 1925ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தேயிலை ஆராய்ச்சி நிலையம், தலவாக்கலையில் சென்கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்டது. தேயிலையைப் பற்றி உலகில் மிக ஆழமாக ஆராய்ந்த இடங்களில் ஒன்று அது. மண்ணின் புளிப்பு, வேரின் புழு, இலையின் பூஞ்சை, வாட்டும் அறையின் ஈரப்பதம் என்று எல்லாம் அங்கே அளக்கப்பட்டன. 1928இல் தொடங்கிய அதன் காலாண்டிதழ் ஆங்கிலத்தில் வந்தது, வாசகர் தோட்டத்துரைமார். அந்த ஆராய்ச்சிக்குக் கொழுந்து எடுத்துக் கொடுத்தவர்களும், கன்றுக்குத் தண்ணீர் ஊற்றியவர்களும், கவ்வாத்து வெட்டியவர்களும் பக்கத்து லயங்களில் இருந்தார்கள். நிலையத்தையும் லயத்தையும் பிரித்தது ஒரு வேலியின் தூரம். அந்தத் தூரத்தைக் கடந்து, ஒரு பிள்ளை விளங்கிக்கொள்ளும் தமிழில், அந்த அறிவு நூலாக வரவில்லை.

என்ன இழப்பு என்று கேட்கலாம். ஒன்றை மட்டும் எடுத்துச் சொல்கிறேன். தேயிலையின் இலைகளைச் சுருட்டிப் பிணைத்து அதற்குள் இருந்து தின்னும் ஒரு புழு, தோட்டங்களை நெடுங்காலம் வாட்டியது. 1935–36இல் ஜாவாவிலிருந்து ‘மக்ரோசென்ட்ரஸ்’ என்ற ஒரு சின்னஞ்சிறு குளவியைக் கொண்டுவந்து தேயிலை மலைகளில் விட்டார்கள். குளவி புழுவின் உடலுக்குள் முட்டையிட்டது. முட்டையிலிருந்து வந்த குஞ்சுகள் புழுவை உள்ளிருந்தே தின்று வளர்ந்தன. மருந்தில்லாமல், புகையில்லாமல் புழுவின் பெருக்கம் அடங்கியது. உயிரியல் முறையிலான பூச்சிக் கட்டுப்பாட்டில் உலகெங்கும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் வெற்றிகளில் இது ஒன்று. கதை அத்தோடு முடியவில்லை. பிற்காலத்தில், தண்டைத் துளைக்கும் வேறொரு வண்டை அழிக்க டீல்ட்ரின் போன்ற நஞ்சைத் தெளித்தபோது அந்தக் குளவிகளும் செத்தன. அடங்கியிருந்த சுருட்டுப் புழு மீண்டும் பெருகியது. ஓர் உயிரைத் தொட்டால் இன்னோர் உயிர் அசையும் என்ற சூழலியலின் மூலபாடம், பாடசாலைக்கு எதிர்த்த மலையிலேயே நடந்து முடிந்திருக்கிறது. எட்டு வயதுப் பிள்ளை வாயைப் பிளந்து கேட்கும் கதை இது. அந்தப் பிள்ளையின் பாட்டி தன் கையாலேயே அந்தச் சுருண்ட இலைகளைக் கிள்ளி எறிந்திருப்பாள். எனக்கு இந்த இதழில் மிகுந்த மனவேதனை தருவது இந்த இடம்தான்.

எளிய பொருளொன்றைக் கையில் எடுத்து அதிலிருந்து முழு விஞ்ஞானத்தையும் சொல்லலாம் என்பதற்கு உலகம் அறிந்த சான்று மைக்கல் பரடே. 1860ஆம் ஆண்டு நத்தார் விடுமுறையில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சிறுவர்களுக்கு அவர் நிகழ்த்திய ஆறு விரிவுரைகளின் பொருள் ஒரு மெழுகுவர்த்தி. அது ஏன் எரிகிறது, மெழுகு எங்கே போகிறது, சுடருக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டுக் கேட்டே காற்று, நீர், மூச்சு வரை அவர் போனார். மறு ஆண்டே அது நூலாயிற்று. பரடே கொல்லரின் மகன். புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகப் போன பையன், கட்டுவதற்கு வந்த புத்தகங்களை வாசித்து விஞ்ஞானத்துக்குள் நுழைந்தவர். உரையாடல் வடிவில் ஜேன் மார்செட் எழுதிய இரசாயன நூல் தனக்கு வழிகாட்டியதாகப் பிற்காலத்தில் அவரே நன்றியோடு சொன்னார். ஏழைப் பிள்ளைக்கு முதலில் ஆசிரியர் வேண்டும், புத்தகம் பிறகு பார்க்கலாம் என்போர் இந்த வாழ்க்கையை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். நல்ல ஆசிரியர் இல்லாத இடத்தில்தான் நல்ல தகவல் நூல் இரு மடங்கு வேலை செய்கிறது.

தலவாக்கலையின் மெழுகுவர்த்தி கொழுந்து. இரண்டு இலையும் ஒரு மொட்டும் ஸ்டோருக்குப் போய்த் தேயிலைத்தூளாகும் வழியில் பௌதிகமும் இரசாயனமும் உயிரியலும் வரிசையாக நிற்கின்றன. ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகிறது. மீதி மூன்றரைக் கிலோ எங்கே போனது? நீராவியாகக் காற்றில் கலந்தது என்று கண்டுபிடிக்க ஒரு தராசும் கொஞ்சம் கேள்வியும் போதும். உருட்டும் இயந்திரத்தில் இலை ஏன் நசுக்கப்படுகிறது? இலைக்குள் தனித்தனியாக இருந்த பதார்த்தமும் நொதியமும் ஒன்றோடொன்று கலக்க வேண்டும் என்பதற்காக. பிறகு பச்சை ஏன் செம்பு நிறமாகிறது? தொழில் வழக்கில் அதை நொதித்தல் என்கிறார்கள். உண்மையில் அங்கே தயிரிலோ தோசை மாவிலோ போல நுண்ணுயிர்கள் வேலை செய்வதில்லை. காற்றின் ஒட்சிசனோடு இலையின் பதார்த்தங்கள் சேருகின்றன. வெட்டி வைத்த கத்தரிக்காய் கறுப்பதும் இதே வகை. பெரியவர்கள் வைத்த பெயரே தவறாக இருக்கலாம் என்று ஒரு பிள்ளை அறிந்துகொள்ளும் கணம் விஞ்ஞானக் கல்வியில் மிகப் பெரிய கணம். அந்தக் கணத்துக்குத் தேவையான எல்லாமும் தாயின் கூடைக்குள்ளேயே இருந்தன.

உணவுக்கு வருவோம். தோட்டத்துப் பிள்ளையின் காலை உணவு கோதுமை மா ரொட்டியும் சம்பலும் தேத்தண்ணியும். மலையிலே கோதுமை விளைவதில்லை. தமிழ்நாட்டிலிருந்து வந்த முன்னோர் ரொட்டி தின்னும் வழக்கத்தோடு வரவுமில்லை. பிறகு இந்த ரொட்டி எப்படி வந்தது? இந்த ஒரு கேள்விக்குள் நூறாண்டு வரலாறு இருக்கிறது. ஆரம்பத்தில் தோட்டம் கொடுத்தது அரிசி. அதன் விலையைக் கூலியில் பிடித்துக்கொண்டது. 1927ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் கூலியை நிர்ணயித்தபோது அரிசியின் விலையையும் சேர்த்தே கட்டுப்படுத்த வேண்டியிருந்தது. அரிசியும் சம்பளமும் அவ்வளவு பின்னிக் கிடந்தன. 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தபோது இலங்கைக்கு வந்த பர்மா அரிசி நின்றது, பங்கீடு வந்தது, கோதுமை மா சமையலறைக்குள் நுழைந்தது. 1973, 74 பஞ்ச காலத்தில் மாவும் தட்டுப்பாடாகி, தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. 1980இல் திருகோணமலையில் பிரீமா மா ஆலை இயங்கத் தொடங்கியது. கப்பலில் வரும் கோதுமை அங்கே மாவாகி மலை ஏறியது. ஒரு ரொட்டியைப் பிட்டால் ரங்கூன், டோக்கியோ, திருகோணமலை எல்லாம் வருகின்றன. மன்னர்களின் பட்டியலை மனப்பாடம் செய்யும் பிள்ளைக்கு, உலகப் போர் தன் வீட்டு அடுப்புக்குள் நுழைந்த கதையைச் சொல்ல ஒரு நூல் இருந்தால் வரலாறு என்ற சொல்லின் பொருளே மாறியிருக்கும்.

உணவு நூல் பெருமையை மட்டும் சொல்லக் கூடாது. தேயிலையில் உள்ள துவர்ப்புப் பதார்த்தங்கள், சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தைப் பிணைத்துக்கொண்டு உடலில் சேரவிடாமல் தடுக்கின்றன. கீரையும் பருப்புமே இரும்புக்கு ஆதாரமாக உள்ள வீட்டில் இது பெரிய விடயம். சாப்பிட்டதும் சாயத்தண்ணி குடிக்காமல் கொஞ்ச நேரம் பொறுத்துக் குடிப்பது நல்லது என்ற செய்தியை, ஏன் என்ற காரணத்தோடு, பத்து வயதுப் பிள்ளை விளங்கிக்கொள்ளும். விளங்கிக்கொண்டு அம்மாவுக்கும் சொல்லும்.

இனி எதிர்வாதங்கள். அவற்றில் ஒன்று மிக வலுவானது, மரியாதையோடு பதில் சொல்லத்தக்கது. தோட்டத்துப் பெற்றோர் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதே தேயிலையிலிருந்து தப்புவிக்கத்தான். அங்கேயும் தேயிலையைப் பற்றியே புத்தகம் கொடுப்பது பிள்ளையை மறுபடியும் மலைக்கே திருப்புவதாகாதா? இது குலக்கல்வியின் இன்னொரு முகம் அல்லவா? இந்த அச்சத்துக்கு வரலாற்றில் இடமிருக்கிறது. 1953இல் சென்னை மாநிலத்தில் இராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், பள்ளி நேரத்தைக் குறைத்து மிச்ச நேரத்தில் பிள்ளை பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றது. எதிர்ப்பு எழுந்து, 1954இல் காமராசர் ஆட்சியில் அது கைவிடப்பட்டது. இலங்கையிலும் 1932இல் ஹந்தெஸ்ஸவில் தொடங்கிய கிராமியக் கல்வித் திட்டத்தை, இது இரண்டாந்தரக் கல்வி என்று பெற்றோர் பலர் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். அவர்கள் பார்த்தது தவறல்ல. ஆங்கிலமும் உத்தியோகமும் ஒரு பக்கம், மண்வெட்டி ஒரு பக்கம் என்று பிரிக்கப்பட்ட நாட்டில் மண்வெட்டியைப் பாடமாக்குவதை ஏழை நம்பமாட்டான்.

ஆனால் குலக்கல்வி பிள்ளையின் கைக்குத் தொழிலைக் கொடுத்தது. நான் பேசும் நூல் பிள்ளையின் கேள்விக்குத் தொழிலைக் கொடுக்கிறது. இரண்டும் எதிர்த் திசைகள். கொழுந்து எடுக்கப் பழகும் பிள்ளைக்குக் கொழுந்து ஏன் அப்படி எடுக்கப்படுகிறது என்று தெரிய வேண்டியதில்லை. 1920இன் பத்துமணிச் சட்டம் அதைத்தான் நம்பியிருந்தது. ஏன் என்று தெரிந்த பிள்ளை ஆராய்ச்சி நிலையத்தின் வாசலில் வேறு தகுதியோடு நிற்கும். வைத்தியராகவோ பொறியியலாளராகவோ வேறெங்கேயோ போகலாம். போனாலும் தன் வீட்டை அறியாமை என்ற ஒரே சொல்லால் நினைக்காது. துரை மகன் தேயிலையைப் பற்றிப் படித்தது தேயிலை பறிக்கவா? பெர்குசனும் வெல்ஸும் எழுதிய நூல்களே இதற்குப் பதில். ஒரு தொழிலைப் பற்றிய அறிவு அத்தொழிலுக்கு மேலே ஏறும் படியாகவும் இருக்க முடியும் என்பதை ஆண்டவர்கள் அறிந்திருந்தார்கள்.

தமிழ்நாட்டில் வேண்டிய அளவு நூல்கள் உண்டே, தருவித்துக் கொடுத்தால் போதாதா என்பது அடுத்த வாதம். பெரியசாமித் தூரன் முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்து 1968 முதல் 1976 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த குழந்தைகள் கலைக்களஞ்சியம் தமிழ் முழுமைக்குமே பெருமை. பெ. நா. அப்புசாமியின் விஞ்ஞான எழுத்தை வாசித்து மலையகத்திலும் சிலர் வளர்ந்திருப்பார்கள். அவை வர வேண்டும், வந்துகொண்டே இருக்க வேண்டும். ஆனால் அங்கே ஒளிச்சேர்க்கை, இங்கே ஒளித்தொகுப்பு. அங்கே இயற்பியல், வேதியியல், ஆக்ஸிஜன். இங்கே பௌதிகவியல், இரசாயனவியல், ஒட்சிசன். பரீட்சைக்கு ஒரு சொல், வாசிப்புக்கு ஒரு சொல், வீட்டுக்கு மூன்றாவது சொல் என்று முதல் தலைமுறை வாசகனான பிள்ளை தடுமாறும். சொல் தடையைத் தாண்டிவிடலாம். தாண்ட முடியாதது, அந்தப் பக்கங்களில் தன் மலை இல்லாமை.

மூன்றாவதாக ஒன்று சொல்வார்கள்: இந்த வரலாற்றில் பாதி துயரம், பிள்ளைகளின் மனம் தாங்குமா என்று. தலவாக்கலையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1947 தேர்தலில் இந்தத் தொகுதி, மடக்கும்புரைத் தோட்டத்தில் பிறந்த கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளையைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. மறு ஆண்டு வந்த 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் அவரை அனுப்பிய மக்களில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர்களானார்கள். 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று எண்ணிப் பிரித்தது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரின் கணக்கு 1974 வரை இழுபட்டது. இதை மறைத்தால் பிள்ளைக்குத் துயரம் தெரியாமல் போகாது. பக்கத்து லயத்துக் குடும்பம் ஏன் இந்தியாவில் இருக்கிறது என்ற கேள்வி வீட்டில் இருக்கத்தான் செய்கிறது. பதில்தான் இல்லாமல் போகும். துயரத்தைவிட நான் அஞ்சுவது இந்த வரலாற்றை வழக்கமாகச் சொல்லும் இலக்கணத்தை. ‘கொண்டுவரப்பட்டார்கள்’, ‘குடியமர்த்தப்பட்டார்கள்’, ‘அனுப்பப்பட்டார்கள்’ என்று எல்லாம் செயப்பாட்டு வினை. 1947இல் வாக்களித்தார்கள் என்பது செய்வினை. பாட்டுக் கட்டினார்கள், சங்கம் வைத்தார்கள், காட்டை வெட்டி மலையைத் திருத்தினார்கள் என்பவையும் செய்வினைகள். பிள்ளைக்கு எழுதும்போது வினையைத் திருத்தி எழுதினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

சி. வி.யின் வாழ்க்கையிலும் இந்த மொழித் தூரம் தெரிகிறது. தேயிலைத் தோட்டத்தைப் பாடிய அவருடைய புகழ்பெற்ற நெடுங்கவிதை ஆங்கிலத்தில்தான் முதலில் எழுதப்பட்டது, சக்தீ அ. பாலஐயா அதைத் தமிழாக்கியது பின்னால். ஆனால் அதே சி. வி., மக்கள் வாயிலிருந்த பாடல்களைத் தேடித் தொகுத்து ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்று தந்துவிட்டுப் போனார். பிள்ளைகளுக்கான வரலாற்று நூல் எழுதப் புறப்படுபவருக்கு அதைவிடச் சிறந்த மூலம் கிடைப்பது அரிது. 2007இல் பழைய பீகொக் தோட்டத்து லயம் ஒன்றில் அமைந்த தோட்டத் தொழிலாளர் நூதனசாலையில் அதற்கான பொருட்கள் இருக்கின்றன. நூலகம் இணையத் தளத்தில் பழைய இதழ்கள் இருக்கின்றன. 1980 முதல் இலவசப் பாடநூல் தோட்டத்துப் பிள்ளையின் கைக்கும் வருகிறது; பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி மலையகத்திலிருந்தே ஆசிரியரை உருவாக்குகிறது. மூலம் உண்டு, ஆசிரியர் உண்டு, வாசகர் உண்டு.

அந்த நூலின் முதல் பக்கத்தில் என்ன இருக்கலாம் என்று எண்ணினால், சில சொற்கள் போதும் என்று தோன்றுகிறது. விடிகாலையில் பிள்ளையின் காதில் விழும் ‘பெரட்டு’, அணிவகுப்பைக் குறிக்கும் ஆங்கிலப் ‘பரேட்’. அது தூங்கி எழும் ‘காம்பரா’ போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல். முன்னோர் நட்ட ‘கோப்பி’ ஒல்லாந்தர் வழி வந்தது. துரைமாரின் கைநூல்களும் இப்படித் தோட்டத்துச் சொற்களிலிருந்துதான் தொடங்கின; அவற்றின் பக்கத்தில் ஆங்கிலப் பொருளும் ஏவலும் நின்றன. இம்முறை அதே சொற்களின் பக்கத்தில், அவை எங்கிருந்து வந்தன என்ற கேள்வி நிற்கும்.

(அடுத்த இதழில்: 1977க்குப் பின் தோட்டப் பாடசாலைகள் கைமாறிய கதை)